இம்ரான் (எ) மிட்டாய்

காஞ்சிபுரம்
14.6.2024

அன்புத் தம்பி இம்ரானுக்கு அக்கா, உன் ஆபா அஞ்சும் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மியும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம். உன் தோள்பட்டை வீக்கம் வத்திச்சா, கையைத் தூக்க முடியுதான்னு முதல்ல எழுது.

செவ்வாய்க்கிழமை ஜெயில்ல மனு போட்டு உன்னைப் பார்க்க வந்தேனே, அதுக்குப் பேர் பார்க்கிறதா? கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், ரெண்டு பக்கமும் முப்பது முப்பது பேர் கத்திக்கினு நிக்கிறாங்க. உன் வாய் அசையறது தெரிஞ்சுது, ஒரு சொல் காதுல விழலை. வேலூர்லேருந்து திரும்பி வர்ற பஸ்ல எனக்கு அழுகையே வரலை. ஆத்திரம்தான் வந்துது. வக்கீலம்மா சுகாசினிதான் சொன்னாங்க: "எல்லாத்தையும் வரிசையா எழுதி அனுப்புங்க, எது சரி எது தப்புன்னு அவர் பதில் எழுதட்டும்." அதான் எழுதுறேன்.

2ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாயப்பட்டறையில கையெல்லாம் சாயத்தோட இருந்த உன்னைக் கூட்டிக்கினு போனாங்க. காரணம், பிள்ளையார்பாளையத்துல குருன்னு ஒருத்தனைப் போதை மாத்திரையோட பிடிச்சிருக்காங்க. அந்த மாத்திரைக்கு அவனுங்க வச்சிருக்கிற பேரு மிட்டாயாம். அவன் போன்ல உன் நம்பர் 'மிட்டாய்'னு இருந்துதாம். அவங்க அப்பா தறிக்கு நீ நூல் சாயம் போட்டுக் குடுத்தே, அதனால நம்பர் இருந்துது. இந்த ஊர்ல உன் நம்பரை வேற எப்படி எழுதி வைப்பாங்க? அப்பா முப்பது வருஷம் பள்ளிக்கூட வாசல்ல மணியடிச்சு ஜவ்வு மிட்டாய் வித்தார். மிட்டாய்லேயே வாட்ச் பண்ணிக் கையில கட்டி விடுவார், மயில் பண்ணிக் குடுப்பார். மிட்டாய் சத்தார் வீடுன்னா தபால்காரருக்குத் தெரு பேர்கூட வேணாம்.

அந்தப் பேரை இன்னைக்கு எஃப்.ஐ.ஆர்.ல எப்படி எழுதியிருக்காங்க தெரியுமா? இம்ரான் (எ) மிட்டாய். ரவுடிங்களுக்குப் போடுற மாதிரி நடுவுல ஒரு 'எ' போட்டு. அதைப் படிச்சப்போ கையில இருந்த காகிதத்தைக் கிழிச்சிடலாம்னு இருந்துது. நகல்தானே, கிழிச்சு என்ன ஆகப் போவுது.

அப்புறம் உன் போனைப் பிரிச்சிருக்காங்க. 'மிட்டாய் நாலு கட்டு நாளைக்குத் தரேன்.' 'மிட்டாய் கொஞ்சம் அழுத்தமா வந்துட்டுது, காசிநாதன் ஒத்துக்க மாட்டார்.' இதெல்லாம் மாத்திரைக் கணக்காம். மிட்டாய் ரோஸ்னு ஒரு நிறம் இருக்குது, அந்த நிறத்துல பட்டு நூல் இருக்குதுன்னு பட்டு விக்கிற ஊர்ல உட்கார்ந்துக்கினு தெரியாதாம். நான் உன் பட்டறையிலேருந்து நாலு கட்டு மிட்டாய் ரோஸ் நூலைக் கொண்டுபோய் வக்கீலம்மா மேஜை மேல வச்சிட்டேன்.

எல்லாத்துக்கும் பதில் இருக்குது. ஒண்ணே ஒண்ணுக்குத்தான் இல்ல. 2ஆம் தேதி மதியம் உன் சிநேகிதன் ராமராஜனுக்கு அனுப்பியிருக்கே: 'மிட்டாய் நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு திருமுக்கூடல் வரும். பேப்பர் ரெடி. நீ வண்டி எடுத்துக்கினு வந்துடு. யாருக்கும் தெரியக் கூடாது.' ஆத்தங்கரை கோயில்ல காலங்காத்தால பட்டு நூலுக்கு என்ன வேலை? என்ன பேப்பர்? ராமராஜன் போனை அணைச்சிட்டு ஊரைவிட்டே போயிட்டான். அதனால நீதான் சொல்லணும்.

அம்மிகிட்ட நீ ஆரணிக்குச் சாய வேலைக்குப் போயிருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன். பக்ரீத்துக்கு வருவியான்னு கேக்குறாங்க. உடனே பதில் எழுது. அல்லாஹ் உன்கூட இருக்கட்டும்.

ஆபா,
அஞ்சும்


வேலூர்
24.6.2024

அன்புள்ள ஆபாவுக்கு, தம்பி இம்ரானின் சலாம். நான் சுகம். தோள் பரவாயில்ல. அம்மிக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கிக் குடுத்தீங்களா? பக்ரீத் அன்னைக்கு உள்ளேயே தொழுதோம். வெளியே இருந்து யாரோ பிரியாணி அனுப்பினாங்க, ஆளுக்கு ரெண்டு கரண்டி வந்துது.

நீங்க எழுதினது எல்லாம் சரி. குரு அப்பா தறிக்கு மூணு தடவை சாயம் போட்டுக் குடுத்திருக்கேன், அவன்கூட நாலு வார்த்தைகூடப் பேசினதில்ல. நாலு கட்டு தறி வச்சிருக்கிற காசிநாதன் அய்யாவோடது. அழுத்தமா வந்துட்டுதுன்னு எழுதினதும் அவர் நூல்தான். வக்கீலம்மாகிட்ட சொல்லுங்க, என் நோட்டுல எந்த நிறத்துக்கு எந்தச் சாயம் எத்தனை கிராம்னு தேதியோட எழுதி வச்சிருக்கேன். அலமாரி மேல் தட்டுல இருக்குது.

நான் போன அன்னைக்குத் தொட்டியில ரெண்டு கட்டு ஊறிக்கினு இருந்துது. எடுத்து அலசிக் காயப் போட்டாங்களா? காசிநாதன் அய்யா வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க? வேற யாரும் ஏதாவது கேட்டாங்களா?

போன வாரம் இங்கே ஒரு அதிகாரி வந்தார். தன்மையாப் பேசினார், டீ வாங்கிக் குடுத்தார். "உனக்கு மேல இருக்கிற ஆள் பேரைச் சொல்லிடு, உன்னைச் சாட்சியா மாத்தி வெளியே விட்டுடறேன்"னார். சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் காட்டுற மாதிரிதான் காட்டினார். எனக்கு மேல பட்டறைக் கூரைதான் சார் இருக்குதுன்னு சொன்னேன். டீயைப் பாதியில வாங்கிக்கினார்.

அம்மியைக் கேட்டதாச் சொல்லுங்க. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க.

உங்க தம்பி,
இம்ரான்


காஞ்சிபுரம்
3.7.2024

தம்பிக்கு ஆபாவின் சலாம். அம்மிக்கு மாத்திரை வாங்கியாச்சு. நான் நல்லா இருக்கேன், உன் கடிதத்தைப் படிக்கிற வரைக்கும் நல்லா இருந்தேன்.

சாய நோட்டு கிடைச்சுது. தொட்டியில ஊறின நூலை நானே அலசிப் போட்டேன், என் கை இன்னும் சிவப்பா இருக்குது, தைக்கிற ஜாக்கெட்ல எல்லாம் ஒட்டுது. நீ கேட்ட எல்லாத்துக்கும் நான் பதில் எழுதிட்டேன். நான் கேட்ட ஒண்ணுக்கு நீ ஏன் எழுதலை? ரெண்டு பக்கக் கடிதத்துல திருமுக்கூடல்ங்கிற பேரே இல்ல. மறந்து போச்சுன்னு சொல்லாதே. கிராம் கணக்கு ஞாபகம் இருக்கிறவனுக்கு இது மட்டும் மறக்குமா?

நம்ம கடிதம் பிரிச்சுப் படிச்சிட்டுத்தான் உள்ளே வருது, வெளியே போவுதுன்னு எனக்குத் தெரியும். ஓரத்துல பசை போட்டு ஒட்டியிருந்துது. அதனால எழுத முடியலைன்னா வக்கீலம்மா வரும்போது காதுல சொல்லியிருக்கலாமே. அவங்க போன வாரம் ஒண்ணரை மணி நேரம் காத்துக்கினு இருந்து உன்னைப் பார்த்தாங்க. கீழே பார்த்துக்கினு உட்கார்ந்திருந்தியாமே.

இங்கே நிலைமையைக் கேட்டுக்க. ஜாமீன் மனு தள்ளுபடி. அந்த ஒரு மெசேஜைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சாங்க. 'வரும்'னு எழுதியிருக்கான், ஆளா இருந்தா வருவார், வருவாள்னு எழுதுவான், வரும்னா சரக்குதான், பேப்பர்னா பொட்டலம் கட்டுற பேப்பர்னு அரசு வக்கீல் இலக்கணப் பாடம் எடுத்தார். சுகாசினி வக்கீல் உன் சாய நோட்டைக் காட்டினாங்க, எடுபடலை. இன்னொரு கேஸ் சேர்த்துக் குண்டர் சட்டத்துல போட்டுட்டா ஒரு வருஷம் வெளியே வர முடியாதாம்.

காசிநாதன் ஆளை அனுப்பிச் சாயம் போடாத நூலை எல்லாம் எடுத்துக்கினு போயிட்டார். என்னை ஒரு வார்த்தை கேக்கலை. ஜாக்கெட் தைக்க வர்ற பொம்பளைங்க பாதிப் பேர் வர்றதில்ல. நேத்து ஒரு பையன் சைக்கிள்ல போய்க்கினே நம்ம வாசலைப் பார்த்து, "மிட்டாய் இருக்குதா"ன்னு கேட்டுச் சிரிச்சான். அம்மி உள்ளே இருந்து, "அவர் காலமாகிப் பத்து வருஷம் ஆச்சே கண்ணு"ன்னு சொன்னாங்க.

எனக்கு இதுக்கு மேல எழுத வரலை. பதில் வேணும்.

அஞ்சும்


வேலூர்
15.7.2024

ஆபாவுக்கு சலாம். சுகம். நீங்களும் அம்மியும் சுகமா இருக்க துவா செய்றேன்.

அந்த ஒண்ணை விட்டுடுங்க. நான் தப்பு எதுவும் பண்ணலை, அப்பா மேல ஆணையாச் சொல்றேன். அதுக்கு மேல கேக்காதீங்க. ஆறு மாசமோ ஒரு வருஷமோ, இருந்துட்டு வரேன். ராமராஜனைத் தேடாதீங்க. அவனும் பாவம்.

அந்தப் பையன் யாருன்னு தெரிஞ்சா எழுதுங்க. வேணாம், எழுதாதீங்க.

இம்ரான்


காஞ்சிபுரம்
9.8.2024

இம்ரானுக்கு. சலாம். நான் சுகம்னு எழுத எனக்கு மனசு வரலை, நீ சுகமான்னு கேக்கவும் இன்னைக்கு வரலை. அம்மி மட்டும் சுகம்.

ராமராஜனைத் தேட வேணாம்னு நீ எழுதின அன்னைக்கே தேட ஆரம்பிச்சிட்டேன். அவன் தங்கச்சிக்கு நான்தானே ஜாக்கெட் தைக்கிறேன். திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான்னு அவகிட்டேருந்து வாங்க ரெண்டு வாரம் ஆச்சு. போன ஞாயிற்றுக்கிழமை போனேன். கம்பெனி வாசல்ல என்னைப் பார்த்ததும் ஓடத்தான் பார்த்தான். அப்புறம் டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து அழுதான். எல்லாம் சொன்னான்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற அய்யாவுக்கு: இதுல சரக்கு விஷயம் ஒண்ணும் இல்ல. என் தம்பிக்குப் புத்தி இல்லாத விஷயம்தான் இருக்குது.

அப்ப மிட்டாய்ங்கிறது ஒரு பொண்ணு. மூணு வருஷமா நீ அப்படித்தான் கூப்பிடுறே. அந்தப் பொண்ணோட அண்ணன் தினமும் போனை வாங்கிப் பார்ப்பான்னு நீ அவளுக்கு ஒரு மெசேஜ்கூட அனுப்பினதில்ல, ராமராஜனுக்கு எழுதினாலும் பேரை எழுத மாட்டே. பேப்பர்ங்கிறது ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, போட்டோ ஒட்டின பதிவுத் திருமண நோட்டீஸ். 3ஆம் தேதி காலையில அதை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல குடுக்கப் போறதுக்குத்தான் ராமராஜன் வண்டி. வேற மதம், வேற சாதி, நம்ம ஊர், அதனால யாருக்கும் தெரியக் கூடாது. சரிதானே?

இதைச் சொன்னா மறுநாளே வெளியே வந்திருப்பே. அந்தப் பொண்ணு பேர் வெளியே வந்தா அவளை என்ன பண்ணுவாங்களோன்னு வாயை மூடிக்கினு இருக்கே. பெரிய தியாகம். அந்தத் தியாகத்துல நான் இருக்கேன், தெரியுதா? அம்மி இருக்காங்க. தெருவுல ஒரு கூட்டம் சேர்ந்து நம்ம வீட்டைக் கொளுத்தணும்னு போன மாசம் ஒருத்தன் பேசினான். அதை உனக்கு எழுதக் கூடாதுன்னு நான் மறைச்சேன். உன்கிட்டேருந்து கத்துக்கினதுதான் இந்த மறைக்கிற வேலை.

நீ ஜெயில்ல இருக்கிறது அம்மிக்கும் தெரிஞ்சு போச்சு. மளிகைக் கடையில எவளோ சொல்லிட்டா. வீட்டுக்கு வந்து என் கன்னத்துல ஒரு அறை விட்டாங்க, ஆரணின்னு பொய் சொன்னதுக்கு. முப்பத்தாறு வயசுல வாங்கினேன்.

நான் அந்தப் பொண்ணைப் பார்க்கப் போறேன். யாருன்னு இங்கே எழுத மாட்டேன். அனுமதி கேட்டு எழுதலை, தெரிவிக்கிறேன்.

அஞ்சும்


வேலூர்
17.8.2024

ஆபா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். அங்கே போகாதீங்க. அம்மிகிட்ட எனக்காக மன்னிப்புக் கேளுங்க, என்னை நாலு அறை அறையச் சொல்லுங்க, ஆனா அங்கே மட்டும் போகாதீங்க.

உங்களுக்கு அந்த வீட்டு ஆளுங்களைத் தெரியாது. எனக்குத் தெரியும், நூல் குடுக்க வாங்க எட்டு வருஷமாப் போறேன். விஷயம் தெரிஞ்சா அது உயிரோட இருக்காது. அதுக்கு ஒண்ணும் தெரியாது, பயந்த சுபாவம். நான் பொத்திப் பொத்தி வச்சது. ஒரு சொல் அது மேல விழக் கூடாதுன்னுதான் இத்தனையும்.

மீறிப் போனீங்கன்னா, உங்க கடிதத்தை வாங்க மாட்டேன். மனுவுக்கும் வர மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கங்க.

இம்ரான்


காஞ்சிபுரம்
5.9.2024

இம்ரானுக்கு ஆபா எழுதுவது. சலாம். வீட்ல எல்லாரும் சுகம். நீ இதை வாங்காம திருப்பி அனுப்பினா மறுபடியும் அனுப்புவேன். தபால் தலை நிறைய வாங்கி வச்சிருக்கேன்.

பேரை எழுதிடுங்கன்னு அவளே சொல்லிட்டா. அதனால எழுதுறேன். அம்சவேணி. காசிநாதன் மகள்.

வீட்டுக்குப் போகலை, நீ பயந்த அளவுக்கு நான் முட்டாள் இல்ல. காமாட்சியம்மன் கோயில் பக்கத்துல அவ சேலை டிசைன் போடுற கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் முகம் கல்லாயிட்டுது. "மாத்திரை விக்கிறவங்க வீட்டு ஆளோட எனக்கு என்ன பேச்சு"ன்னு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கினா.

இம்ரான், அவளுக்குத் தெரியாது. நீ எதுக்காக உள்ளே இருக்கேன்னு அவளுக்கு யாரும் சொல்லலை. 3ஆம் தேதி ஒரு பையில நாலு துணியை வச்சுக்கினு திருமுக்கூடல் கோயில் வாசல்ல பத்தரை மணி வரைக்கும் நின்னிருக்கா. பூ விக்கிற அம்மா, "யாரும்மா வரணும்"னு மூணு தடவை கேட்டாங்களாம். திரும்பி வந்து துணியைப் பீரோவுல அடுக்கி வச்சிட்டு வேலைக்குப் போயிருக்கா. மறுநாள் பேப்பர்ல உன் படம். மூணு வருஷமா ஒரு போதை மாத்திரைக்காரன் தன்னை ஏமாத்தியிருக்கான்னு நினைச்சிருக்கா. ஏன் நினைக்க மாட்டா? நீதான் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலையே. அந்த வெறுப்புல, ஆரணி மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிட்டா. இந்த மாசம் 12ஆம் தேதி கல்யாணம்.

நான் ஒண்ணும் விளக்கலை. கோர்ட்டுல குடுத்த நகலை மேஜை மேல வச்சேன். அந்த மெசேஜைக் காட்டினேன். அவ ரெண்டு தடவை படிச்சா.

"இதுல மிட்டாய்னு யாரு?"ன்னா.

"நீதான்"னேன்.

அழப் போறாளோன்னு நினைச்சேன். அவ நகலைக் கையில எடுத்து அந்த ஒரு சொல்லு மேல விரலை வச்சா. "வரும்?"னு கேட்டா. "வரும்னா எழுதியிருக்கான்? நான் என்ன பார்சலா, பஸ்சா?"

கொஞ்சலுக்கு அப்படிச் சொல்றதுதாம்மான்னு நான் உனக்காக வாதாடினேன். எனக்கே கேக்க நல்லா இல்ல. அவ சொன்னா: "ஆபா, கோர்ட்டுல என்னைச் சரக்குன்னு மூணு மாசமாப் பேசிக்கினு இருக்காங்க. அப்படிப் பேச எடுத்துக் குடுத்தவர் உங்க தம்பி. எல்லாரையும்விட அவருக்குத்தான் என்னைத் தெரியும்னு நினைச்சுக்கினு இருந்தேன்."

அவ பயந்த சுபாவம்னு நீ எழுதினதைச் சொன்னேன். அதுக்கு ஒரு சிரிப்புச் சிரிச்சா பாரு. அப்பவே பையை எடுத்துக்கினு, "அந்த வக்கீல் ஆபீஸ் எங்கே?"ன்னு எழுந்துட்டா. நோட்டீஸ் பேப்பர் அவகிட்டதான் இருந்துது, டிசைன் அட்டைங்களுக்கு நடுவுல. கிழிச்சுப் போட மூணு தடவை எடுத்தாளாம்.

என்ன நடந்தாலும் எழுதுறேன். நீ பதில் எழுதினாலும் சரி, எழுதாட்டியும் சரி.

அஞ்சும்


காஞ்சிபுரம்
28.9.2024

தம்பிக்கு சலாம். ஒரு பதிலும் இல்ல. உடம்பு நல்லா இருக்குதுன்னு வக்கீலம்மா மூலமாத் தெரிஞ்சுக்கினேன். இங்கே நாங்க மூணு பேரும் சுகம். மூணுன்னு சரியாத்தான் எழுதியிருக்கேன்.

வியாழக்கிழமை கோர்ட்டுல உன் ரெண்டாவது ஜாமீன் மனு வந்துது. ராமராஜன் திருப்பூர்லேருந்து வந்து பிரமாணப் பத்திரம் குடுத்தான். அரசு வக்கீல் மறுபடியும் அந்த மெசேஜைப் படிச்சார். சுகாசினி வக்கீல் எழுந்து, அய்யா, மிட்டாய் இந்த அறையிலேயே இருக்குதுன்னாங்க. ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். அம்சவேணி முன்னாடி வந்து நின்னா. நோட்டீஸ் பேப்பரை நீட்டினா. போட்டோவையும் அவ முகத்தையும் மாறி மாறிப் பார்த்துட்டு ஜட்ஜ் கேட்டார், "இதுல சொல்லியிருக்கிறது யாரைம்மா?"

"என்னைத்தாங்க. என் பேர் அம்சவேணி. வயசு இருபத்தேழு. அன்னைக்கு நான் அங்கே போனேன், காத்திருந்தேன். அவர் வரலை, ஏன்னா அதுக்கு முந்தின சாயங்காலமே அவரைப் பிடிச்சிட்டாங்க."

"யாராவது சொல்லிக் குடுத்துச் சொல்றியா?"

"இல்லீங்க. யாராவது முன்னாடியே என்னைக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான். குரல் உடையவே இல்ல. அரசு வக்கீல் காகிதத்தைப் புரட்டிக்கினு இருந்தார்.

வெளியே வந்தா படிக்கட்டுல காசிநாதன். யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க. கல்யாணத்தை நிறுத்தி ரெண்டு வாரமாச்சு. நிறுத்தினதுக்குக் காரணம் என்னன்னு அன்னைக்குத்தான் அவருக்குத் தெரிஞ்சுது. என்னைக் காட்டிச் சொன்னார், "பள்ளிக்கூட வாசல்ல மிட்டாய் காட்டிக் குழந்தைங்களை மயக்கின குடும்பம். என் பொண்ணையும் மயக்கிட்டுது." அப்பாவைச் சொல்றார், இம்ரான். காசு இல்லாத பிள்ளைக்குச் சும்மாவே மயில் பண்ணிக் கையில குடுத்தவரை. செருப்பைக் கழட்டிட்டேன். வக்கீலம்மா என் கையைப் பிடிச்சிக்கினாங்க.

அம்சவேணிதான் பேசினா. "அப்பா, நான் குழந்தை இல்ல. என்னை யாரும் மயக்கலை. நானாப் போனேன்." அவர் அவளைப் பார்க்காமலே படி இறங்கிப் போயிட்டார். சாயங்காலம் அவளோட அண்ணன் அவ துணியையெல்லாம் ஒரு மூட்டையாக் கட்டிக் கொண்டாந்து வக்கீல் ஆபீஸ் வாசல்ல போட்டுட்டுப் போனான். அடிக்கலை. அவளுக்கு அவன் அடிச்சிருந்தா பரவாயில்லன்னு இருந்துதாம்.

அன்னையிலேருந்து நம்ம வீட்லதான் இருக்கா. அம்மி முதல் நாள் முகம் குடுத்துப் பேசலை. ரெண்டாம் நாள், "இவ சாப்பிடவே இல்ல, நீ என்ன பண்ணிக்கினு இருக்கே"ன்னு என்னைத் திட்டினாங்க.

ஜாமீன் கிடைச்சிட்டுது. காகிதம் எல்லாம் முடிஞ்சு வர பத்து நாள் ஆகும். வழக்கு இருக்குது, தினமும் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். பெயிலுக்கான உத்தரவுலேயும் இம்ரான் (எ) மிட்டாய்னுதான் அடிச்சிருக்காங்க. அதை எடுக்க நான் தனியா மனுப் போடப் போறேன். வக்கீலம்மா, இது முக்கியமான்னு கேட்டாங்க. முக்கியம்னேன்.

அஞ்சும்


வேலூர்
4.10.2024

அன்புள்ள ஆபாவுக்கு, இம்ரானின் சலாம். சுகம். அம்மியின் கையை முத்தமிட்டதாச் சொல்லுங்க.

உங்க ரெண்டு கடிதத்தையும் வாங்கி வச்சிருந்தேன், படிச்சேன். பதில் எழுத உட்காருவேன், எழுந்துடுவேன். உங்க மேல கோபம் இருந்துது. இப்ப யார் மேல கோபப்படுறதுன்னே தெரியலை. அப்பாவை அப்படிச் சொன்னாருன்னு படிச்சதும் அவர் கழுத்தைப் பிடிக்கணும்னு இருந்துது. எட்டு வருஷம் அவரை அய்யா அய்யான்னுதான் கூப்பிட்டேன்.

மூணாம் தேதி அது பத்தரை மணி வரைக்கும் நின்னுதுன்னு எனக்குத் தெரியாது. என்னைப் பிடிச்ச சேதி தெரிஞ்சு வராமலே இருந்திருக்கும்னு நினைச்சேன். 'அது'ன்னு எழுதிட்டேன். அடிச்சிட்டு எழுதணும், அடிச்சா மறைச்சு எழுதுறேன்னு இங்கே சந்தேகப்படுவாங்க. அம்சவேணி. அம்சவேணி நின்னாங்கன்னு தெரியாது.

வெளியே வரும்போது வாசலுக்கு அவங்களும் வருவாங்களா? கேட்டு எழுதுங்க. இல்ல, எழுத நேரம் இருக்காது. கேட்டு மட்டும் வைங்க.

தம்பி,
இம்ரான்


சென்னை
27.10.2024

இம்ரானுக்கு அம்சவேணி எழுதுவது. நான் இங்கே நல்லா இருக்கேன். நீயும் வீட்ல எல்லாரும் நலம்னு ஆபா போன்ல சொன்னாங்க. எனக்கும் போன்ல பேசத் தெரியும். பேசினா நீ நடுவுல ஏதாவது சொல்லுவே, நான் இளகிடுவேன். அதனால எழுதுறேன்.

நீ வெளியே வந்த அன்னைக்கு நான் வாசல்ல இல்லாதது உனக்குக் கஷ்டமா இருந்துதாம். அதுக்கு முந்தின நாள்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு ஜவுளிக் கம்பெனியில டிசைன் போடுறது. வக்கீலம்மா சொல்லி விட்ட இடம், பெண்கள் விடுதியில ரூம். உங்க அம்மி ரம்ஜான் பீ பஸ் ஏத்தி விடும்போது தன்னோட சால்வையைக் குடுத்தாங்க. எங்க அம்மா இன்னும் ஒரு தடவைகூடப் பேசலை.

என்னைக் காப்பாத்துறதுக்காக நாலு மாசம் ஜெயில்ல இருந்தேன்னு நீ நினைச்சுக்கினு இருக்கே. ஊர்லயும் பாதிப் பேர் அப்படித்தான் சொல்றாங்களாம், எவ்வளவு நல்ல பையன்னு. நான் கேட்டேனா? ஒரு தடவையாவது என்கிட்ட கேட்டு அனுப்பினியா? நீ வாயை மூடிக்கினு இருந்த ஒவ்வொரு நாளும் நான் உன்னை வெறுத்துக்கினு இருந்தேன். அந்த வெறுப்புலதான் முகம் தெரியாத ஒருத்தருக்குச் சம்மதம் சொன்னேன். பத்திரிகை அடிச்சாச்சு, சேலைகூட எங்க தறியிலேயே நெய்தாச்சு. ஆபா ரெண்டு வாரம் தள்ளி வந்திருந்தா என் கல்யாணம் முடிஞ்சிருக்கும். அப்புறம் ஒரு நாள் உண்மை தெரிஞ்சா நான் என்ன ஆயிருப்பேன்னு நீ யோசிச்சியா? யோசிச்சிருக்க மாட்டே. சொன்னா நான் தாங்க மாட்டேன், பயந்தவ, பொத்தி வைக்கணும்னு நினைச்சே. மூணு வருஷமா நீ மிட்டாய்னு கூப்பிட்டப்பல்லாம் எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துது. அதுல இவ்வளவு இருக்குதுன்னு எனக்குத் தெரியாது.

எங்க அப்பாவும் என்னை அப்படித்தான் வச்சிருந்தார். கோர்ட்டு வாசல்ல அவர் பேசினதுக்கும் நீ ஆபாவுக்கு எழுதினதுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியலை. இதைப் படிச்சா உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

கோர்ட்டுல நான் சொன்னது நடந்தது. அதை உன் மேல இருக்கிற ஆசையில சொன்னதா எடுத்துக்காதே. வழக்குல சாட்சி சொல்லக் கூப்பிட்டா எத்தனை தடவை வேணும்னாலும் வருவேன். நோட்டீஸ் பேப்பர் கோர்ட்டுல இருக்குது, அது அங்கேயே இருக்கட்டும்.

உன்னைப் பிடிக்காம போயிட்டுதான்னு ஆபா கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன். அதனாலதான் இத்தனை கோபம். நீ இங்கே வராதே. விடுதி வாசல்ல வந்து நிக்காதே, யார் மூலமாவும் சொல்லி அனுப்பாதே. இந்தக் கோபம் தீர்ந்த அன்னைக்கு நானே பஸ் ஏறி வருவேன். தீராதுன்னு தெரிஞ்சா, அதையும் எழுதிடுவேன். உன்னை மாதிரி வாயை மூடிக்கினு இருக்க மாட்டேன்.

உடம்பைக் கவனிச்சுக்க.

இப்படிக்கு,
கா. அம்சவேணி